ஒருவகைப் பறவை

பழந்தமிழ் நூல்களுக்கு உரை கண்ட பெரியோரும், அவர்தம் உரையை அடியொற்றிப் பாடக்குறிப்பு எழுதும் நம்போன்ற ஆசிரியரும் கைவிடாது போற்றிவரும் தொடர் ஒன்றுண்டு. ‘ஒருவகைப் பறவை’ என்பது அத்தொடர். மரமாயின் ஒருவகை மரம்; மீனாயின் ஒருவகை மீன். 1842 இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதியைப் புரட்டினாலும் ‘ஓர் புள்’, ‘ஓர் மரம்’ என்னும் பொருள்களே பல இடங்களில் நம்மை எதிர்கொள்ளும். அகராதிகாரரைக் குறைகூறல் நம் நோக்கமன்று. ஒரு தனி நூலில் ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் அடக்க முயன்றவர்க்கு, கடற்கரைதோறும் சென்று பறவையின் காலையும் அலகையும் அளந்துவர நேரம் ஏது? ஆயின் அவர்க்குப் பின்வந்த நமக்கு நேரம் இருந்தது. நாமும் போகவில்லை.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், குறுந்தொகைப் பாட்டொன்றை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தோம். அன்றிலின் செந்தலையை நெருப்புக்கும், அதன் பெடையினது வளைந்த அலகை இறாலுக்கும் ஒப்பிடும் பாட்டு அது. பின்வாங்கில் இருந்த மாணாக்கர் ஒருவர் எழுந்து, “ஐயா, அன்றில் எங்கள் ஊர்ப் பனையிலும் இருக்குமா?” என்று வினவினார். “அன்றில் இணைபிரியாப் பறவை, துணையைப் பிரிந்தால் உயிர் தரியாது, எழுதிக்கொள்ளும்” என்று விடையிறுத்து மேலே சென்றோம். அவரும் எழுதிக்கொண்டார். பரீட்சையிலும் எழுதியிருப்பார், புள்ளியும் பெற்றிருப்பார். வினா மாத்திரம் கேட்டபடியே நின்றது.

அந்த மாணாக்கர் இன்று மன்னார்த் தீவிலே தமிழாசிரியர். சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில் தம் இல்லத்துக்கு வந்து தங்குமாறு அழைத்திருந்தார். “ஐயா, இரண்டு கிழமை பிந்தினால் எல்லாம் போய்விடும்” என்று எழுதியிருந்தார். எவை போய்விடும் என்பதை எழுதவில்லை. தலைமன்னார் முனைக்கு விடியுமுன் அழைத்துச் சென்றபோதே அது விளங்கிற்று.

வேனிற் காலத்தைப் பற்றி இங்கு ஒரு சொல். ஆங்கிலக் கவிதைகளில் பறவை பாடி வரும் வசந்தத்தைப் படித்து, அதனை அப்படியே நம் நாட்டில் தேடுவோர் ஏமாறுவர். நமக்குச் சித்திரையும் வைகாசியும் இளவேனில். வட நாடுகளில் இளவேனில் பறவை வரும் காலம். நம் கரையிலோ அது பறவை விடைபெறும் காலம். ஆவணி, புரட்டாதியில் வடக்கேயிருந்து வந்து, மாரியும் பனியும் இங்கே கழித்த புட்கள், பங்குனி தொடங்கிச் சிறிது சிறிதாகப் புறப்படுகின்றன. மத்திய ஆசியாவின் ஏரிகளிலும் துருவத்தை அடுத்த சதுப்புக்களிலும் உறைபனி உருகி, பூச்சியும் புழுவும் பெருகும் நாளிலே அவை அங்கு கூடு கட்டுதல் வேண்டும். இமயத்தைக் கடந்து வரும் இவ்வான்வழியின் தென்னெல்லை நம் தீவு. தேவேந்திரமுனைக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்காக் கண்டம்வரை நிலம் கிடையாது. வந்த பறவை திரும்பியே ஆகவேண்டும்.

ஐந்து மணி கழிந்த சிறிது நேரத்தில் புறப்பட்டோம். பனைகளின் ஓலை மாத்திரம் அசைந்தது. முன்னொரு காலத்தில் தனுஷ்கோடிக்குக் கப்பல் சென்ற துறை இருளில் நீண்டு கிடந்தது. 1964 மார்கழிப் புயல் அக்கரையிலிருந்த தனுஷ்கோடியைக் கொண்டுபோனபின் அத்துறைக்கு அவ்வழியில் வேலையில்லை. அதற்கப்பால் மணல். மணலுக்கப்பால், இராமர் அணை என்றும் ஆதாமின் பாலம் என்றும் இரு சமயத்தார் இரு பெயர் கூறும் தீடைகள் கடலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. கரையோரத்து வாடிகளில் இரண்டொரு விளக்குத் தெரிந்தது. வள்ளங்கள் சில ஏற்கெனவே கரை சேர்ந்திருந்தன.

பறவை பார்க்கப் போவோர் அறியவேண்டிய சிறு செய்தி ஒன்று. இம்முனை தீவின் மேற்குக் கோடியில் உள்ளமையால், கதிரவன் நம் முதுகுப்புறத்தே எழுவான். ஒளி நம்மைக் கடந்து சென்று பறவையின்மேல் விழும். எதிர்வெயிலிற் கரிய உருவமாய்த் தோன்றும் பறவை, இவ்வொளியிலே இறகின் ஓரத்துக் கோடுவரை காட்டிவிடும். விடிந்து ஒரு மணி நேரம் இவ்வாய்ப்பு நிற்கும். பின்னர் மணலிலிருந்து கானல் எழுந்து எல்லாவற்றையும் நெளியச் செய்துவிடும்.

முதலில் கண்டவை ஆலாக்கள். ஆலா என்னும் சொல்லை அறியாத நெய்தனிலத்தான் இல்லை. அறிந்த தமிழ் மாணாக்கர் மிகச் சிலர். மெலிந்த உடலும், வாள்போன்ற சிறகும், பிளந்த வாலுமாய், நீருக்கு மேல் ஓரிடத்தில் நின்று சிறகடித்துத் தலைகீழாய் விழும். ஆலா திரளும் இடத்தில் மீன் திரளுகின்றது என்பது வலைஞர் கணக்கு. அவற்றுள் காகமளவு பருத்து, கிளிமூக்கின் செம்மை கொண்ட தடித்த அலகோடு நின்றது ஒரு வகை. மஞ்சள் அலகும் சிலிர்த்த கொண்டையும் உடையது மற்றொன்று. அடுத்துக் கடற்காகங்கள். தொல்காப்பியர் கருப்பொருளிலே புள்ளையும் எண்ணிவைக்க, பின்வந்த இலக்கண நூலார் நெய்தற்குரிய புள்ளாக எடுத்துக்கூறும் கடற்காகம் இதுவே. நாம் பல்லாண்டு இதனைக் காகத்தின் கடற்பிரிவு என எண்ணிக் கரிய நிறமும் கற்பித்திருந்தோம். அது வெள்ளைப் பறவை.

இக்கடற்காகங்களைப் பற்றி அண்மையில் அறியவந்த செய்தி கதைபோலத் தோன்றும். கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், 2021 ஆம் ஆண்டிலே மன்னாரிற் பிடித்த கடற்காகத்தின் முதுகில், செய்மதிவழி இடங்காட்டும் சிறு கருவியைப் பொருத்தி விட்டனர். அது இந்தியக் கரையைக் கடந்து, ஆசியாவை ஊடறுத்து, ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்றது. கூடுகட்டும் காலம் முடிந்தபின் மறுபடி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு கரைக்கு அன்று. புறப்பட்ட அதே கரைக்கு.

ஈரமணலில் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாய் ஓடின. இவற்றை எல்லாம் சேர்த்து உள்ளான் என்பது வழக்கம். மாரியிலே பார்த்தால் இவை யாவும் சாம்பலும் வெண்மையுமான ஒரே நிறம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல் தேர்ந்தார்க்கும் அரிது. சித்திரையிலோ வதுவைக்கு அணிந்தாற்போல நிறம் மாறிவிடுகின்றன. சில மார்பு செங்கல் நிறம். சில முதுகு கறுப்பும் செம்மையும் கலந்த ஓட்டுநிறம். பகற்பொழுது நீள நீள உடம்பினுள்ளே சுரக்கும் நீர்களே இம்மாற்றத்தைச் செய்கின்றன என்பர் உயிரியலார். அதே காரணத்தால் அவை இரவும் பகலும் தின்று கொழுக்கின்றன, அக்கொழுப்பே வழியுணவு. கல்லைப் புரட்டி அடியிலுள்ள பூச்சியைக் கொத்தும் ஒன்றைக் கண்டோம். நம் கால்மாட்டுக்கு வருமளவும் அது அஞ்சவில்லை. நண்டை ஒரே குத்தில் முறித்து விழுங்கும் வெள்ளையும் கறுப்புமான பறவை ஏழெட்டு, தீடைப் பக்கமாய் நின்றன. அவ்வினம் மணலிலே வளை தோண்டி முட்டையிடும். கரையோரப் புட்களில் அவ்வாறு செய்வது அது ஒன்றே.

அங்கேதான் நம் புலமைக்கு ஓர் அடி விழுந்தது. சற்றே தொலைவில், கோழியளவினதாய்ப் பழுப்புநிறப் பறவை ஒன்று, அரிவாள்போலக் கீழ்நோக்கி வளைந்த மிக நீண்ட அலகை மணலிற் செலுத்திக்கொண்டு நடந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டோம்.

“அது கோட்டான் ஐயா.”

“கோட்டான் என்பது ஆந்தையல்லவோ?” என்றோம், வகுப்பறைக் குரலில்.

அவர் சிரித்தார். “அது உங்கட ஊர்க் கோட்டான். இது கடக்கரைக் கோட்டான். சோளகம் பிறக்க முன்னம் போயிடும். ஆவணிக் கடைசியில திரும்ப வரும்.”

வீடு திரும்பிப் பறவை நூல்களைப் பார்த்தோம். அவர் சொல்லே சரி. தமிழ்ப் பறவை நூல்களில் இதற்குக் குதிரைமலைக் கோட்டான் என்றே பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில், குதிரைமலை என்றே ஒரு முனை இருப்பதை ஈழத்தார் அறிவர். கோடுதல் என்றால் வளைதல், கோட்டம், வளைவு. ஆந்தைக்கும் அப்பெயர் வழங்குவது வேறு காரணத்தாலாகலாம்; இப்பறவைக்கு அது அலகின் வளைவால் வந்ததென்பது நம் கருத்து. எழுத்தறியாத ஒருவர் வலைநூலைப் பிணைத்தபடி சொன்ன ஒரு சொல்லில் வேர்ச்சொல் ஆராய்ச்சி ஒன்று கிடந்தது. பண்டிதர் அதனைப் பிழையென்று திருத்த முற்பட்டார்!

திரும்பும் வழியில், தெருவோரத்துக் கழியொன்றில், நம் பழைய மாணாக்கர் மோட்டார் வண்டியை நிறுத்தினார். வெள்ளை உடலும், மயிரற்ற கரிய தலையும், கழுத்தும், அதே அரிவாள் அலகுமாய் ஐந்தாறு பறவைகள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் செம்பழுப்பாய் மின்னும் வேறு இரண்டு. “அரிவாள் மூக்கன், ஐயா. அன்றில் இந்த இனம் என்று சொல்லுகிறார்கள்” என்றார். பறவையியலும் தமிழும் ஒருங்கே கற்ற பி. எல். சாமி, சங்க இலக்கியப் புள்ளினங்களைப் பற்றி 1976 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தவற்றுள் அன்றிலும் ஒன்று. நாம் நோக்கினோம். இவற்றின் தலை செந்நிறமன்று. செந்தலையுடைய கரிய அரிவாள் மூக்கன் இந்திய நிலத்துக்குரியது; நம் தீவில் வாழ்வதன்று. ஆயினும் அலகு? அன்று காலை வாடியிலே கூடைநிறைய இறால் பார்த்து வந்த கண் நம்முடையது. அந்த வளைவேதான். மேலே தடித்து, நுனிநோக்கி மெலிந்து, உள்வாங்கி வளையும் அதே கோடு. புலவர் உவமை தேடி அலையவில்லை. கழியிற் கண்டதைக் கண்டபடி வைத்தார். அப்பாட்டை எத்தனை ஆண்டு நடத்தியிருப்போம்! அவ்வுவமையில் இறால் எதற்கு வந்ததென்று ஒருநாளாவது நின்று எண்ணினோமா?

நம் மாணாக்கர் பழைய வினாவை நினைவூட்டவில்லை. அது அவருடைய பண்பு.

இவ்வாறே சத்திமுற்றப் புலவர் நாரைவிடு தூதையும் நாம் புலவரின் வறுமைக்காகவே நடத்துகின்றோம். குமரித்துறைவரை தெற்கே வந்த பறவை வடக்கே திரும்பிச் செல்லும் என்பது அப்பாட்டின் அடிப்படை. வலசைபோதல் என்னும் இயல்பை அறிந்தவரே அத்தூதை எழுதக்கூடும். வடக்கே போகாத பறவையிடம் வடக்கே உள்ள மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்புவார் யார்? அதன் அலகுக்கு அவர் காட்டும் உவமை பிளந்த பனங்கிழங்கு. பனங்கிழங்கைப் பிளந்து பார்த்தறியாத மாணாக்கர் யாழ்ப்பாணத்தில் இல்லை. அதனைக் கையில் எடுத்துக் காட்டும் ஆசிரியர் எத்தனைபேர்? இத்தனைக்கும் அச்செங்கால் நாரை நம் தீவுக்கு மிக அரிதாகவே வருவது. நாள்தோறும் வருவனவற்றையே காணாத நாம் அதனைக் காணாததில் வியப்பில்லை.

குறை ஆசிரியருடையது மாத்திரமன்று என்பதையும் கூறவேண்டும். ஒரு தலைமுறைக்கு மேலாக இக்கரை நம் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் கடலுக்கு இறங்கத் தடை. கரைக்குச் செல்லத் தடை. விடியுமுன் வெளியே நடப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைமன்னாருக்கு 1990 இல் நின்றுபோன புகைவண்டி 2015 இலேதான் மறுபடி வந்தது. அதே 1990 ஆம் ஆண்டு ஐப்பசியில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் பல முறை இடம்பெயர்ந்தனர். கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது, பாத்திரம் பண்டத்தோடு, அந்தக் கரையின் காற்றுக்கும் மீனுக்கும் பறவைக்கும் வைத்திருந்த பெயர்களும் போகின்றன. திரும்பி வந்தோரிற் பலர் முதியோர். அவர் பெயரர் இறால் வாங்கும் கம்பனியின் பெயரை அறிவர். ஆலாவின் வகையை அறியார். அவர்களைக் குறைசொல்ல நாம் யார்?

பறவைகளுக்கும் வழி சுருங்கி வருகின்றது. மன்னார்த் தீவின் தென்கரையில், 2020 ஆம் ஆண்டு முதலாக, முப்பது காற்றாலைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் வலு 103.5 மெகாவற். இன்னும் பல கோபுரங்களை நிறுவ வந்த இந்தியப் பெருங்கம்பனி ஒன்று 2025 மாசியிலே விலகிக்கொண்டது. ஆயினும் வேறு திட்டங்கள் எழ, அதே ஆண்டு மன்னார் மக்கள் தெருவிலிறங்கினர். கனிய மணல் அகழ்வதையும் அவர்கள் எதிர்த்தனர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாம் என்பவர் நாமல்லர். நிலக்கரிப் புகையிலும் காற்று மேலானதே. ஆனால் வட ஆசியாவிலிருந்து வரும் புட்கள் முதன்முதல் இறங்கும் ஒடுங்கிய நிலத்திலேயே கோபுரங்களை நெருக்குவது ஏன் என்று ஊரவர் கேட்பது நியாயமான வினா. வங்காலைச் சதுப்பு 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பறவைக்கோ சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. சரணாலயத்தினுள் உண்டு, தீவின்மேல் பறந்து, தீடையில் உறங்கும் உயிர் அது.

கோட்டானோடு ஒரே கரையில் மேயும் பட்டைவால் மூக்கன் என்றொரு பறவை உண்டு. 2022 ஐப்பசியில் அவ்வினத்து இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவரை, பதினொரு நாள், 13,560 கிலோமீற்றர், எங்கும் இறங்காது பறந்தது. நம் கரைக்கு வருபவை வேறு வழியின, ஆற்றல் அதுவே. இவ்வாற்றலைப் பற்றி விஞ்ஞான ஆசிரியர் ஆங்கிலச் சொற்களாற் கற்பிக்கின்றார். தமிழாசிரியர் ஒருவகைப் பறவை என்று எழுதுவிக்கின்றார். இருவரும் ஒரே பாடசாலையில், அடுத்தடுத்த அறையில். அன்னப்பறவையின் பால் பிரிக்கும் திறத்தை ஒப்புவிக்கும் மாணாக்கர், தம் வீட்டு வேலியில் கத்தும் ஆட்காட்டியின் காலில் எத்தனை விரல் என்று அறியார். இந்நிலையில் இலக்கியச் சுவை எங்கிருந்து வரும்? உவமையின் ஒரு பாதியை அறியாதவர்க்கு மற்றப் பாதி என்ன பயன் தரும்?

தமிழாசிரியர் சங்கங்களுக்கும் பாடசாலை இலக்கிய மன்றங்களுக்கும் நாம் கூறுவது பெரிய திட்டமன்று. ஆண்டில் இரு முறை, ஐப்பசியில் ஒன்றும் பங்குனியில் ஒன்றுமாக, நெய்தற் பாடம் நடக்கும் வாரத்தில், வகுப்பை விடியுமுன் கரைக்குக் கொண்டுசெல்க. தொலைநோக்கி ஒன்று போதும். அது இல்லாவிடினும் குற்றமில்லை. கல்லுண்டாயும் மண்டைதீவும் யாழ்ப்பாண நகரிலிருந்து சைக்கிள் தூரம். மட்டக்களப்புக்கு வாவி வாசலிலேயே கிடக்கின்றது. புத்தளத்தாருக்குக் கற்பிட்டி. ஆனால் ஒன்று: ஆலா முட்டையிடும் மணலிலும், பறவை இளைப்பாறும் தீடையிலும் கால்வைத்துக் கலைத்தல் ஆகாது. போகும் வழிக்குக் கொழுப்புச் சேர்க்கும் உயிரை ஒருமுறை கலைத்தெழுப்பினால், அதன் வழியுணவில் ஒரு பங்கை நாம் பறித்தவராவோம்.

நம் பழைய மாணாக்கர் தம் வகுப்புப் பிள்ளைகளைக்கொண்டு இதனை ஏற்கெனவே தொடங்கியிருக்கின்றார். நூறு பக்கக் கொப்பி ஒன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு பறவை. மேலே, ஊரவர் சொன்ன பெயர். கீழே, சொன்னவருடைய ஊரும் தொழிலும். அதன்கீழ் அலகு, கால், நிறம், வரும் மாதம், போகும் மாதம். கடைசி வரி பழைய நூலில் அப்பெயர் வருமிடத்துக்கு. அவ்வரி பல பக்கங்களில் வெறுமையாய் இருந்தது. அதனை நிரப்புவது தம் ஐயாவின் வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கின்றார். கொப்பி இப்போது நம் மேசையில் இருக்கின்றது. கோட்டான் பக்கத்தை நிரப்பிவிட்டோம். அன்றிற் பக்கத்தில் ‘ஒருவகைப் பறவை’ என்று எழுதப்போன கையை இருமுறை மீட்டுக்கொண்டோம்.

இப்பகுதியைப் படிக்கும் ஆசிரியர், மாணாக்கர், கடற்றொழிலாளர் யாவரும் தத்தம் கரையில் வழங்கும் பறவைப் பெயர்களை மேற்கூறிய முறையில் எழுதியனுப்புக. அஞ்சலட்டை போதும். ஒரே பறவைக்கு இரு ஊரில் இரு பெயராயின் இரண்டையும் எழுதுக; ஒன்று சரி, மற்றது பிழை என நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். ஆனி மாதம் முதல் வாரந்தோறும் பத்துப் பெயர்களாக, சொன்னவர் ஊரோடு சேர்த்து, இப்பக்கத்தில் வெளியிடுவோம். ஆவணியிலே கோட்டான் திரும்பி வருமுன் நெய்தற் பெயர்கள் அச்சேறிவிடல் வேண்டும்.